சென்டர் அண்ணனின் இரண்டாம் பாதி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இப்போது பேச்சு முழங்காலில்தான் ஆரம்பிக்கிறது. யாருக்கு எந்தத் தைலம் கேட்டது, யார் கோயமுத்தூர் போய் மாற்று மூட்டு வைத்துக்கொண்டார், யார் மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார் என்று. நானும் அந்தப் பேச்சில் கலந்துகொள்கிறவள்தான். ஆனால் யாராவது, "ஒரே ஒரு ஊசி போட்டாங்க, வலியே தெரியல, ஓடலாம் போல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால் எனக்கு அங்கே உட்கார முடிவதில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். ஏன் என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். என்னோடு மில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். மீதி எனக்கே போன சித்திரையில்தான் தெரிந்தது.

எங்கள் மில் சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் இருந்தது. போதமலை நீலமாக எதிரில் நிற்கும். ஆலைக்குப் பின்னால் தொழிலாளர்களின் லைன் வீடுகள், இந்தப் பக்கம் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், நடுவில் செம்மண் மைதானம். என் அப்பா மில் மருந்தகத்தில் கம்பவுண்டர். டாக்டர் என்றைக்காவதுதான் சேலத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் விரல் நசுங்கினாலும், காய்ச்சலடித்தாலும், பஞ்சுத் தூசியில் இருமல் கண்டாலும் அப்பாதான். அவர் மேலிருந்து எந்நேரமும் ஸ்பிரிட் வாசனை வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. கண்ணாடி ஊசிகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஸ்டவ்வில் கொதிக்க வைப்பார். உள்ளே அவை ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். நம் பேரப்பிள்ளைகளுக்கு ஊசி என்றால் உறையைக் கிழித்து எடுத்து, குத்திவிட்டு எறிவது. அந்தக் கிணுகிணுப்பைக் கேட்டால் நமக்கெல்லாம் தொடை தானாக இறுகும்.

அப்பாவுக்கு இளைப்பு உண்டு. நாலு எட்டு வேகமாக வைத்தால் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்தறியாத அந்த மனிதருக்குக் கால்பந்து என்றால் உயிர். சாயங்காலம் ஷிப்டு மாறும் சங்கு ஊதியதும் மருந்தகத்தைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிவருவார். வீட்டில் நான் ஒரே பெண். "பொட்டப் புள்ளையப் பந்தாட்டத்துக்குக் கூட்டிட்டுப் போற ஒரே மனுசன் இந்த ஜில்லாவுலயே நீங்கதான்" என்று அம்மா சொல்வாள். அப்பா அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்த வருடம் பொங்கல் கழிந்து ரிங் ஃபிரேம் பிரிவில் ஒரு புதுப் பையன் சேர்ந்தார். நூல் நிறைந்த குழல்களைக் கழற்றிவிட்டு வெறுங்குழல் மாட்டுகிற வேலை. முருங்கைக்காய்க்குக் கைகால் முளைத்தது போல இருப்பார். மீசை அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தது. தாய் தகப்பன் இல்லை. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த அவருடைய அக்காதான் வளர்த்தது. மில் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் இவரை இறக்கினார்கள். காலுக்குப் பெரிதாக இருந்த யாருடைய பழைய பூட்ஸிலோ கழிவுப் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு காய்ச்சல்காரர் குணமாகி வந்து கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

சென்டர் ஃபார்வர்ட் இடத்தில் ஆடியதால் பிள்ளைகள் எல்லாம் அவரை சென்டர் அண்ணன் என்போம். மற்றவர்கள் பந்தைத் துரத்துவார்கள். இவர் துரத்தி நான் பார்த்ததில்லை. எங்கேயோ வெற்றிடமாக ஓரிடத்தில் சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்தில் பந்து அங்கே வந்து சேரும். வந்ததும் அது அவர் காலடியில் நாய்க்குட்டி மாதிரி அடங்கிவிடும். அப்போதெல்லாம் தோல் பந்து. உள்ளே பிளாடர் வைத்துக் காற்றடித்து, வாயை வாரால் தைத்திருப்பார்கள். தலையால் முட்டினால் அந்தத் தையல் நெற்றியில் பதிந்துவிடும். சென்டர் அண்ணன் நெற்றியில் அந்த அச்சு திருநீறு போல எப்போதும் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா ஆட்டத்தை மறுபடி நடத்துவார். உப்பு ஜாடிதான் கோல் கம்பம், ஊறுகாய்க் கிண்ணம் எதிரணியில் கோலைக் காக்க நிற்கிற பேக். ஒரு சுண்டைக்காய் வற்றலை விரலால் நகர்த்திக்கொண்டே, "இங்க வாரான். அவன் இடது பக்கம்னு நெனைக்கறான். இவன் தோளை மட்டும் இப்படி அசைச்சான். அவ்வளவுதான்" என்று வற்றலை ஜாடிக்குள் தள்ளுவார்.

"ரசம் ஆறிப் போவுது" என்பாள் அம்மா.

"ரசம் நாளைக்கும் வெப்பே. இவன மாதிரி ஒருத்தன நாளைக்குப் பாக்க முடியுமா?"

அந்த அக்காவும் சாயங்காலங்களில் மைதானத்துக்கு வருவார். பெண்கள் நிற்கும் பக்கத்தில், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பார். தம்பி விழுந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் அப்பாவிடம் கேட்டார்.

"ஏனுங்க கம்பவுண்டரே, இந்தப் பந்துல இவனுக்குச் சோறு கெடைக்குமுங்களா? இல்ல, சும்மா ஆடி ஓஞ்சு போறதுதானுங்களா?"

"சோறா? நீங்க வேணாப் பாருங்கம்மா. மெட்ராஸ்ல இருந்து கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க."

கார் வரவில்லை. ஆனால் மெட்ராஸிலிருந்து ஓர் ஆள் வந்தார். சுற்றிலும் உள்ள மில்களுக்கு இடையே சித்திரையில் ஒரு கோப்பை ஆட்டம் நடக்கும். அதன் ஆரம்பச் சுற்றில் ஒன்றைப் பார்க்க யாரோ அழைத்து வந்திருந்தார்கள். துணித் தொப்பி வைத்துக்கொண்டு, வேர்க்கடலை தின்றபடி பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் சென்டர் அண்ணனின் தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். ஆனியில் மாநில அணிக்கு ஆள் எடுக்க ஒரு முகாம் இருக்கிறது, இந்தப் பையனை அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினார். சொந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்த மாதிரி.

அரையிறுதியில்தான் அது நடந்தது. பந்து வேறெங்கோ இருந்தபோது யாரோ பின்னாலிருந்து இடித்தார்கள். சென்டர் அண்ணனின் பாதம் ஊன்றிய இடத்திலேயே நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. ஆட்டத்தை எப்படியோ நொண்டி முடித்தார். மறுநாள் மருந்தகத்தில் அப்பா அந்த முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல அமுக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். பட்டை போட்டுக் கட்டிவிட்டு, "முகாம் முடியற வரைக்கும் இந்தக் காலை வேற எதுக்கும் குடுக்காதே" என்றார். மேனேஜரிடமும் போய் அவன் இறுதி ஆட்டத்தில் ஆட முடியாது என்று சொல்லிவிட்டார். மேனேஜர் நல்ல மனிதர். "நீங்க சொன்னா சரி" என்றாராம்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அப்பா முதலில் சரியாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க மருந்தகத்துக்கு வந்தவர்களெல்லாம் வயிற்று வலி, தலைவலி என்று ஆரம்பித்து அந்த முழங்காலில் வந்து முடித்தார்கள். எதிரணி குமாரபாளையம் பக்கத்து மில். வருடா வருடம் கோப்பையை எடுத்துக்கொண்டு, லாரியில் நம் சாலை வழியாகவே மேளமடித்துப் போகிறவர்கள். "இவன் இல்லீன்னா இந்த வருசமும் மேளந்தான்" என்றார் ஸ்டோர் பாய். மில் ஸ்டோர் பொறுப்பில் இருந்த ராசிபுரத்து பாய் அவர். தொந்தியோடு இடது ஓரத்தில் ஆடுவார். கடைசியில் சென்டர் அண்ணனே வந்தார்.

"நான் ஓட மாட்டனுங்கண்ணா. சும்மா முன்னால போயி நிக்கறன். என்னையக் காவல் காக்கறதுக்குன்னே அவங்க ரெண்டு பேரை நிறுத்துவாங்க. நம்மாளுகளுக்கு அது போதுமுங்க."

அப்பா சிரித்துவிட்டார். காலில் மட்டுமா, இவனுக்குத் தலைக்குள்ளும் ஆட்டம் இருக்கிறது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். சும்மா நிற்பதற்கு ஒப்புக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தன்று வெயில் தாழவே இல்லை. சுண்ணாம்புக் கோடுகள் கண்ணைக் கூச வைத்தன. சுற்று ஊர்களிலிருந்து டிராக்டரில், மாட்டு வண்டியில், ஓமலூர் வரையிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். எதிரணியில் எருமப்பட்டிக்காரர் ஒருவர் பேக் ஆடினார். குன்றைத் தூக்கி நிறுத்திய மாதிரி இருப்பார். சென்டர் அண்ணன் சொன்னபடியே முன்னால் போய் நின்றார். ஆனால் அவர் நொண்டுவதை அந்த எருமப்பட்டிக்காரர் சீக்கிரமே கண்டுகொண்டார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, காவலை விட்டு முன்னேறிப் போய்விட்டார். அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். மேளக்காரர்கள் மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இடைவேளையில் எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அப்பா முதலுதவிப் பெட்டியோடு அங்கே இருந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால்.

"அண்ணா" என்றார் சென்டர் அண்ணன். "கை நசுங்குனவங்களுக்குத் தையல் போடறப்ப மரத்துப் போறதுக்கு ஒண்ணு குத்துவீங்கல்ல. அத இதுல குத்துங்க."

"முட்டிக்கு அதக் குத்தறதில்ல."

"குத்துனா என்ன ஆவும்?"

"வலி தெரியாது."

"அதுதானுங்க வேணும்."

"வலிச்சாத்தாண்டா நீ நிறுத்துவே. வலிக்கலீன்னா நிறுத்த மாட்டே."

"நிறுத்தறதுக்கா அண்ணா இத்தன பேரு வந்திருக்கறாங்க?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்துவிட்டார். சேலைத் தலைப்பு வாயில் இல்லை. "வேண்டாமுங்க. அவஞ் சொல்றதக் கேக்காதீங்க. அவனுக்கு என்னங்க தெரியும், சின்னப்பையன். நீங்க படிச்சவரு. நீங்க வேண்டாமுன்னு சொல்லுங்க, கேட்டுக்குவான்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டோர் பாய் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதாகப் பாவனை செய்தார். அப்பா மைதானத்தைப் பார்த்தார். பந்தயத் திடல் முழுக்கத் தலை. அவர் முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. விருந்தில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இலையிலிருந்து கையை எடுத்துவிடுகிறவரின் முகம் அது. பெட்டியைத் திறந்தார். கொதிக்க வைத்த ஊசி வெள்ளைத் துணியில் சுற்றி உள்ளே இருந்தது. அவர் எல்லா ஆட்டத்துக்கும் அதைக் கொண்டுபோவாரா, அன்றைக்கு மட்டுந்தானா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

அக்கா அங்கிருந்து போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது, பேத்தி பிறந்தது. ஆனால் உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் நிறைந்து வழிந்த சந்தோஷம் என்றால் அந்த இரண்டாம் பாதிதான். அதற்கு நான் இப்போது வெட்கப்பட வேண்டுமா என்றும் தெரியவில்லை.

இறங்கியதும் சென்டர் அண்ணன் இரண்டு முறை குதித்துப் பார்த்தார். சிரித்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்டோர் பாய் தொந்தி குலுங்க ஓடி, ஓரத்திலிருந்து பந்தை உயரமாகத் தூக்கி அடித்தார். எருமப்பட்டிக்காரர் அசையவில்லை. நொண்டி என்னத்தைச் செய்வான் என்று இருந்துவிட்டார். நொண்டி அவர் தோளுக்கு மேலே எழும்பினார். தலையில் பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி. வலையில்லாத கோல் கம்பங்களுக்கு நடுவே புகுந்து, பந்து பின்னாலிருந்த கடலைக்காரர் கூடையைத் தட்டிவிட்டது. கடலைக்காரர் உட்பட எல்லோரும் குதித்தார்கள்.

இரண்டாவது கோலுக்கு அவரிடம் பந்து வந்தபோது அது கோலாகும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அவர் நடு வட்டத்தின் பக்கத்தில் நின்றிருந்தார், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பந்தைத் தன் கால்களுக்கு இடையே விட்டுவிட்டுத் திரும்பினார். ஒருவர் போனார். இரண்டாமவர் வந்தார். தோள் அசைந்தது, வற்றலை நகர்த்திக்கொண்டு அப்பா காட்டுவாரே, அதே மாதிரி. அவரும் போனார். எருமப்பட்டிக்காரர் இந்தத் தடவை முழு வேகத்தில் வந்தார். சென்டர் அண்ணன் நின்றேவிட்டார். பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல நின்றார். வந்தவர் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டு பக்கத்தில் போனார். கோல் கீப்பர் ஓடி வந்தார். இவர் உதைக்கிற மாதிரிக் காலை ஓங்கியதும், கீப்பர் தரையில் விழுந்தார். இவர் உதைக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய், பந்தைத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவது போல உள்ளே விட்டார்.

கூட்டம் கத்துவதற்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. அந்த நொடியில் அப்பாவின் நெஞ்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா என்னை மேலே தூக்கி எறிந்தார். பிடித்தார். மறுபடி எறிந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி பறந்தது. யாரோ அதை மிதித்துப் பொடியாக்கினார்கள். "போச்சாட்ட இருக்குது, போனாப் போவுது" என்று கத்திக்கொண்டே முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். கோப்பையை ஜெயித்து வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு வழி தெரியவில்லை. நான் சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு "அப்பா பள்ளம், அப்பா மாடு" என்று சொல்லச் சொல்ல, பள்ளத்திலும் விட்டார், மாட்டின் மேலும் மோதினார், சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் முழங்கால் பனங்காய் கணக்காக வீங்கியிருந்தது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். உள்ளே எல்லாம் கிழிந்திருக்கிறது என்று சொல்லி சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என்ன போட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்னார். டாக்டர் திட்டவில்லை. "நீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அம்மா பிற்காலத்தில் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். இன்றைக்கு என்றால் துளை போட்டு உள்ளே தைத்து, ஒரு வருடத்தில் ஆட விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு மாவுக்கட்டு ஒன்றுதான். ஆனி வந்தது, போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சேலம் பஸ் ஸ்டாண்டில் கருப்புத் திராட்சை வாங்கினார், ஒரு பை நிறைய. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றோம். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "போலாம்பா" என்றேன். "இரு கண்ணு" என்றார். அப்போது கேட்டுக்குள்ளிருந்து அந்த அக்கா வெளியே வந்தார், தூக்குப்போசியோடு. எங்களைப் பார்க்கவில்லை. வெயிலுக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டு, குழாயில் தூக்குப்போசியைக் கழுவினார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பூரி வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் திராட்சைப் பையை என் மடியில் வைத்து, "நீயே தின்னுரு சாமி" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கொட்டையைத் துப்பிக்கொண்டே எல்லாவற்றையும் தின்றேன். அது எனக்கு நல்ல நாளாக இருந்தது.

"பையன் எப்படி இருக்கறானுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கறான்" என்றார் அப்பா.

கட்டுப் பிரித்து, சென்டர் அண்ணன் கைத்தடி ஊன்றிக்கொண்டு லைன் வீட்டுக்குத் திரும்பினார். மில் அவரை கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தது. அன்றிலிருந்து அப்பா பின்பக்க வழியாக வேலைக்குப் போனார். சாயங்காலம் சங்கு ஊதினாலும் மருந்தகத்தை விட்டு வெளியே வரமாட்டார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஊசிகளை மறுபடி கொதிக்க வைத்துக்கொண்டிருப்பார். அடுத்த தை பிறப்பதற்குள் மேட்டூரில் அரசாங்க வேலை கிடைத்து நாங்கள் ஊர் மாறிவிட்டோம். பிறகு வீட்டுக்கு டிவி வந்தது. உலகக் கோப்பை எல்லாம் வந்தது. உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து பார்க்கும்போது அப்பா எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவார். ராத்திரியில் யாராவது செடிக்குத் தண்ணீர் விடுவார்களா என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நான் மட்டும் செய்யமாட்டேன். அவர் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

போன சித்திரையில் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கை கழுவும் இடத்தில் ஒரு வயதான அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு வளைந்து, காது தொங்கி, ஆனால் கண் கூர்மையாக.

"ஏஞ்சாமி, நீ நம்ம மில்லு கம்பவுண்டர் மவ தான?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்கப்பன் மூக்கு" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இங்க பக்கத்துலதான் இருக்கறோம். வா, எந் தம்பி ஊட்டுலதான் இருக்கறான்."

தயங்கினேன். அவர் கையை விடவில்லை.

கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. சென்டர் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில், இடது காலை நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் மடங்குவதில்லை. தலை முழுக்க வெளுத்துவிட்டது. நான் யாரென்று அக்கா சொன்னதும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய் உட்கார வைத்தேன். மருமகள் மோர் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துப் பேத்தி ஒருத்தி செல்போனிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாப்பா, இங்க வா. இவங்க அந்த ஆட்டத்தப் பாத்தவங்க" என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "நாஞ் சொன்னா நம்ப மாட்டேங்கறாளுங்க. தாத்தா கதை அளக்கறாருங்கறா. நீங்களே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மோர் டம்ளரையும் வெற்றிலைத் தட்டையும் நகர்த்தி வைத்துச் சொன்னேன். பந்துக்கு ஒரு கொட்டைப்பாக்கு. கடலைக் கூடை, வழுக்கிக்கொண்டு போன எருமப்பட்டிக்காரர், தரையில் விழுந்த கீப்பர், எல்லாவற்றையும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஓரிடத்தில், "இல்லீங்க, அப்ப நான் வலது காலை வெச்சேன்" என்று திருத்தினார். கொட்டைப்பாக்கு உள்ளே போனபோது பேத்தி கை தட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

பேத்தி எழுந்து போனபிறகு கேட்டார்.

"அப்பா இருக்காருங்களா?"

"இல்லீங்க. போய் வருசமாச்சு."

நீட்டிய காலைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு கேக்கறன், தப்பா நெனைக்கப்படாது. நான் ஆட முடியாமப் போனதும் அவருக்கு எம் மேல இருந்த பிரியம் போயிருச்சுங்களா?"

ஆஸ்பத்திரி கேட்டைச் சொன்னேன். திராட்சையைச் சொன்னேன். பின்பக்க வழியைச் சொன்னேன். ராத்திரியில் செடிக்குத் தண்ணீர் விட்டதைச் சொன்னேன். ஊசி போட்ட கையோடு உங்கள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்றேன்.

"கேட்டு வரைக்கும் வந்தாரா?" என்றார் அக்கா. "என்னையப் பாத்துட்டா திரும்பிப் போனாரு? அடக் கடவுளே. நான் வேண்டாமுன்னு சொன்னது நெசந்தான். ஆனா ஒரு நாளு அவரை ஒரு சொல்லுச் சொன்னதில்ல சாமி. கண்டிருந்தா கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேன். தெனமும் இவன் கேப்பான், கம்பவுண்டர் அண்ணன் வந்தாரான்னு."

வெளியே கோழிகளுக்குத் தீவனம் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"ஊசி நாங் கேட்டு வாங்குனதுங்க" என்றார் சென்டர் அண்ணன் கடைசியில். "அதுக்கு எதுக்கு அவரு மூஞ்சிய மறைக்கோணும்? அந்த ரெண்டாவது கோல் போட்டதும் நான் எங்க ஓடுனேன் தெரியுமுங்களா? வேப்பமரத்துப் பக்கம். அவரு மூஞ்சி எப்படி இருக்குதுன்னு பாக்கறதுக்கு. அதுக்குள்ள ஆளுக தூக்கிட்டாங்க. அத ஒரு நா உக்காந்து ரெண்டு பேரும் பேசோணும்னு இருந்துது. இப்ப நீங்க பாக்கு வெச்சுச் சொன்னீங்கல்ல, அந்த மாதிரி. வேற ஒண்ணும் நெனைக்கலீங்க."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் அழவில்லை. விறைத்த காலை இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"கட்டுப் பிரிச்சு வந்த பொறவு லைன் ஊட்டு வாசல்லதான் தெனமும் உக்காந்திருப்பேன். உங்க ஊட்டு வெளக்குத் தெரியும். அவரு இருமறது கேக்கும். கூப்பிடு தூரம் சாமி. நானுந்தான் கூப்புடல."